உருக்கும் முன் கரண்டியைத் திருப்பிப் பாருங்கள்



வெள்ளி விலை ஏற ஏற, பரண்மேல் கிடந்த டிரங்குப் பெட்டிகள் எல்லாம் கீழே இறங்குகின்றன. "சார், இது என்ன கரண்டி? கடையில் போட்டுவிடலாமா?" என்று உங்களில் சிலர் படம் அனுப்புகிறீர்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். உருக்கியபின் கேட்டால் என்னால் சொல்ல ஒன்றும் இருக்காது.

இங்கிலாந்தில் செய்த வெள்ளி என்றால் கண்டுபிடிப்பது சுலபம். பிடியின் பின்புறம் பொடி முத்திரைகள் வரிசையாக இருக்கும். நடக்கும் சிங்கம் இருந்தால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. சிறுத்தைத் தலை லண்டனைக் குறிக்கும், நங்கூரம் பர்மிங்காமை. ஒற்றை எழுத்து ஒன்று இருக்கும், அது ஆண்டு. ராஜா அல்லது ராணியின் தலை இருந்தால் வரி கட்டிய அடையாளம்; அது 1784 முதல் 1890 வரைதான்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் நம் நாட்டில் இப்படி அரசாங்க முத்திரை கிடையாது. பெரிய கடை என்றால் கடையின் பெயர் இருக்கும். நம் ஊர்ப் பத்தர் செய்தது என்றால் பெரும்பாலும் அதுவும் இருக்காது. ஆகவே முத்திரையைத் தேடி ஏமாறாமல், இது எந்தக் காரியத்துக்காகச் செய்தது என்று கேட்க வேண்டும்.

ஒரு மாணவி அனுப்பிய படத்தையே எடுத்துக்கொள்கிறேன். தேக்கரண்டி அளவு. பிடியின் நுனியில் நின்ற கோலத்தில் ஒரு தெய்வம். "பூஜைக் கரண்டியா சார்?" என்று கேட்டிருந்தாள். இல்லையம்மா. பின்புறம் பி.ஆர் அண்ட் சன்ஸ் என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறதே! சென்னை மவுண்ட் ரோட்டில் கைக்கடிகாரத்துக்குப் பேர்போன அதே கடைதான். அந்த 'ஆர்' இனிஷியல் அல்ல, கடையைத் தொடங்கிய வெள்ளைக்காரரின் குடும்பப் பெயர். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே வெள்ளிச் சாமான் பெரிய வியாபாரம். நம் தெய்வ உருவங்களைப் புடைப்பாகச் செதுக்கிய சாமான்களுக்கு 'சுவாமி' வேலை என்றே பெயர். 1875-76-இல் வேல்ஸ் இளவரசர் (பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னர்) இந்தியா வந்தபோது பரோடா மகாராஜா கொடுத்த பரிசுகளில் இந்தக் கடை செய்த சுவாமி டீ செட்டும் ஒன்று. அது இன்றும் இங்கிலாந்து அரச சேகரிப்பில் இருக்கிறது.

கரண்டி நுனியில் சாமி எப்படி ஏறினார்? ஐரோப்பாவில் ஏசுநாதரின் 12 சீடர்களை ஒவ்வொரு கரண்டி நுனியிலும் வைத்து ஞானஸ்நானப் பரிசாகக் கொடுப்பது பழைய வழக்கம். அந்த இடத்தில் இங்கே நம் சாமிகள் வந்து நின்றார்கள். நம் வீட்டில் சாமி உருவம் உள்ள கரண்டியால் சாப்பிடுவோமா? எச்சில் பட்டுவிடுமே! துரைமார் வீட்டு மேஜைக்காகச் செய்தது அது. செய்த கைகள் மட்டும் நம் கைகள். கடைக்காரர் பெயர் வெள்ளியில் இருக்கிறது. அந்த ஆசாரியின் பெயர் எங்கும் இல்லை. எனக்கு மனம் கனப்பது இந்த இடத்தில்தான். அவர் விட்டுப்போன ஒரே கையெழுத்து அந்த உருவம். அதையும் உருக்கினால் கிராம் கணக்கு மட்டும்தான் மிஞ்சும்.

உண்மையான பூஜைக் கரண்டி உத்தரணி. உள்ளங்கையில் தீர்த்தம் விடுவதற்கு மட்டும் என்பதால் குழி சின்னதாக இருக்கும். சாப்பாட்டுக் கரண்டியோ தட்டில் உரசி உரசித் தேயும். வலது கைக்காரர் வீட்டுக் கரண்டி நுனியில் இடப்பக்கம் சாய்வாகத் தேய்ந்திருக்கும். விரலால் தடவினாலே தெரியும்.

உறவினர் ஒருவர் அனுப்பியது விரல் நீளக் கரண்டி, குழிக்குள் மட்டும் தங்க முலாம். அது உப்புக் கரண்டி. உப்பு வெள்ளியை அரிக்கும் என்பதால் முலாம். நம் பாட்டிமார் உப்பை மரவையிலும் ஜாடியிலும் வைத்தார்கள், இந்தத் தொல்லையே இல்லை! ஒரே வளையத்தில் குட்டிக் குட்டியாக மூன்று சாமான் தொங்கினால் அது முழுக்க நம்முடையது: பல்குத்தி, குறும்பிவாங்கி, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு எடுக்கும் கரண்டி.

பாலாடை எல்லோருக்கும் தெரியும். ஆனால் எடை போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? அக்காலத்தில் வெள்ளி ரூபாயையே பத்தரிடம் கொடுத்து உருக்கிச் செய்வார்கள். ஒரு ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம்; அதில் 12-க்கு 11 பங்கு வெள்ளி. 1940-இல் அதைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். உங்கள் வீட்டுப் பாலாடை 58 கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் யாரோ ஒரு தாத்தா ஐந்து ரூபாய் கொடுத்திருக்கலாம்.

ஜெர்மன் சில்வரில் வெள்ளி கொஞ்சமும் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம்தான். காந்தம் ஒட்டவில்லை என்பதை நம்பாதீர்கள், இரண்டிலுமே ஒட்டாது. எட்டாம் வகுப்பில் செய்தோமே, அதே ஆர்க்கிமிடிஸ் கணக்கைப் போடுங்கள். எடையைக் கன அளவால் வகுத்தால் நல்ல வெள்ளிக்கு 10-க்கு மேல் வரும், ஜெர்மன் சில்வர் 9-ஐக்கூட எட்டாது. கத்திப் பிடிக்கு இது ஆகாது. பல பிடிகளில் மேலே வெள்ளித் தகடு, உள்ளே அரக்கு.

படம் அனுப்புபவர்கள் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் எடுங்கள். எடையையும் எழுதுங்கள். வீட்டில் வயதான அத்தையோ பெரியம்மாவோ இருந்தால், அதை யார் எதற்கு வைத்திருந்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பளபளப்பாகத் தெரிய வேண்டும் என்று விபூதி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து அழிந்துபோகும். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போதும்.