நகுதா இப்ராஹீமின் ஊர்: காலிக் கோட்டையும் நாமும்

1344ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, பாவாத மலைக்குப் போய் ஸியாரத் செய்துவிட்டு, தெவிநுவரை வழியாகக் காலிக்கு வந்தார். சின்ன ஊர், நகுதா இப்ராஹீம் என்றொரு முஸ்லிம் அங்கே இருந்தார், தன் வீட்டில் நமக்கு விருந்து தந்தார். அவ்வளவுதான் அவர் எழுதியது. அடுத்த வரியிலேயே கொழும்புக்குப் புறப்பட்டுவிடுகிறார். நகுதா என்றால் கப்பல்காரர் என்று நம் வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த விருந்து நடந்தபோது காலியில் கோட்டை இல்லை. அதன் முதல் மண் அணை எழும்ப இன்னும் ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு கிடந்தது.

போன வருடம் தரம் 10 பிள்ளைகளைக் காலிக்குக் கூட்டிப்போயிருந்தேன். வெளிச்சவீட்டுக்கு எதிரே நிற்கும் மீரான் ஜும்ஆப் பள்ளிவாசலைக் கண்டதும் ஒரு பிள்ளை, "சேர், இது சேர்ச்சா?" என்று கேட்டான். அவனைக் குறை சொல்ல ஏலாது. இரட்டைக் கோபுரமும் வெள்ளைச் சுவருமாக அது தேவாலயம் போலத்தான் தெரிகிறது. ஆனால் அதுவரை ஒரு மணித்தியாலம் எங்களுக்கு ஊர் காட்டியவரின் பேச்சில் ஒல்லாந்தர் இருந்தார்கள், பிரித்தானியர் இருந்தார்கள். நாங்கள் மட்டும் ஒரு தரமும் வரவில்லை. அன்றைக்கே எழுத நினைத்த கட்டுரை இது.

கோட்டைக்கு முந்திய காலியின் மிகப் பெரிய சான்று இன்று காலியில் இல்லை, கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ கொண்டுவந்த கல் அது. 1409 என்ற ஆண்டுக் குறிப்போடு சீனாவிலேயே பொறிக்கப்பட்டது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெவிநுவரையின் தேனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாமிய மரபிலும் காணிக்கை சொல்லப்படுகிறது. ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி என்று மூன்று தரப்புக்கும் ஒரே அளவு. செங் ஹவும் முஸ்லிமாகப் பிறந்தவர்தான். தமிழ் படித்தவன் என்ற முறையில் எனக்கு ஒன்று முக்கியம்: சீனப் பேரரசின் அலுவலர்கள் இந்தக் கரையில் பேசுவதற்குத் தெரிந்தெடுத்த மொழிகளில் தமிழும் பாரசீகமும் இருந்தன. இந்தத் துறைமுகத்தில் யார் யார் வியாபாரம் செய்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? அந்தக் கல்லை 1911இல் காலி வீதியொன்றின் மதகை மூடிக் கவிழ்த்துப் போட்டிருந்த நிலையில்தான் ஒரு பொறியியலாளர் கண்டெடுத்தார்.

போர்த்துக்கேயர் இங்கே முதலில் வந்ததே நம்மவரைத் தேடித்தான். மாலைதீவுப் பக்கமாகப் போன சோனகர் மரக்கலங்களை மறிக்க வந்த லொரென்சோ த அல்மெய்தாவின் கப்பல்களைக் காற்று காலிக் கரைக்குத் தள்ளியது. 1588 அளவில் அவர்கள் தரைப் பக்கத்தை அடைத்து அணையும் கொத்தளமும் எழுப்பினார்கள். 1626இல் தங்கள் ஆட்சிக்குட்பட்ட ஊர்களிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றக் கட்டளை பிறந்தது. அந்தக் கதையின் மறுபாதி கிழக்கில் நடந்தது, அதை இந்த வாசகர்கள் நன்றாக அறிவார்கள்.

1640 மார்ச் 13இல் கோட்டை ஒல்லாந்தர் கைக்குப் போனது. இன்று நாம் காணும் கல் அரண் பெரும்பாலும் அவர்கள் வேலை. தரைப் பக்கம் சூரிய, சந்திர, நட்சத்திரக் கொத்தளங்கள். மற்ற மூன்று பக்கமும் கடல். பழைய வாசலின் உட்புறத்தில் 1669 என்ற ஆண்டோடு கம்பனியின் இலச்சினை, அதன் மேல் ஒரு சேவல். தெருக்களுக்கு அடியில் செங்கல் வடிகான்கள் கட்டி, கடல் ஏறி இறங்கும்போது கழிவு கழுவிப்போகச் செய்தார்கள். கெட்டித்தனம்தான், மறுப்பதற்கில்லை. அதே கம்பனி சோனகரையும் செட்டிகளையும் 'அந்நியர்' என்று எழுதிவைத்துக் கூலியில்லாத வேலை வாங்கியது. அந்த வேலைக்கு அவர்கள் ஏட்டில் வழங்கிய பெயர் 'ஊழியம்'. நம்முடைய தமிழ்ச் சொல்! கோட்டைக்குள் ஒரு தெருவுக்கு அவர்கள் சோனகச் சில்லறை வியாபாரிகளின் தெரு என்று பெயர் வைத்திருந்ததையும் மறக்கக் கூடாது. அந்நியர் என்றார்கள், ஆனால் அவர்கள் இல்லாமல் சாமான் வாங்க ஏலவில்லை.

1796இல் பிரித்தானியர் வந்தார்கள். நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியபின் காலிக்கு ஒரு பொற்காலம். ஐரோப்பாவுக்கும் சீனாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே ஓடிய கப்பல்கள் இங்கே நிலக்கரி ஏற்ற நின்றன. தள்ளுவள்ளத்தில் கப்பலேறி மாணிக்கமும் ஆமையோட்டுச் சீப்பும் பின்னல் வேலையும் விற்ற சோனக வியாபாரிகளைப் பற்றி எத்தனை பயணிகள் எழுதியிருக்கிறார்கள்! விலை பேசுவதில் பட்ட கோபமும் அதிலே தெரியும். 1860இல் காலியில் தொடங்கிய மாக்கான் மாக்கார் மாணிக்க வியாபாரம் அந்தக் காலத்தின் பிள்ளை. அந்தக் குடும்பத்தின் சேர் முஹம்மத் மாக்கான் மாக்கார் 1931இல் அரசாங்க சபை அமைச்சரானார்.

கொழும்பில் அலைதடுப்புச் சுவர் கட்டி முடிந்ததும், 1880களில், கப்பல்கள் அங்கே போய்விட்டன. கப்பலோடு கம்பனிகளும், கொஞ்சம் கொஞ்சமாக ஐரோப்பியக் குடும்பங்களும் போயின. வெறுமையான வீடுகளை வாங்கியவர்களில் நம்மவர்கள் நிறையப் பேர். பஹ்ஜதுல் இப்ராஹீமிய்யா அரபுக் கல்லூரி 1892இல் எழுந்தது. மீரான் பள்ளிவாசல் இன்றைய வடிவத்தைப் பெற்றது 1904இல். காலம் பார்த்தால் விளங்கும்: கோட்டை பணம் இழந்த காலத்தில்தான் நாம் அதற்குள் வேரூன்றினோம். 'அந்நியர்' என்று பதியப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் கம்பனிக்காரரின் திண்ணையில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தார்கள்.

1988இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமை என்று அறிவித்தது. 2004 டிசம்பர் 26இல் வெளியே பஸ் தரிப்பிடமும் கடைத்தெருவும் அழிந்தபோது, அரண் உள்ளே இருந்த பெரும்பாலான வீடுகளைக் காத்தது. கடலுக்குத் தாக்குப்பிடித்த வீடுகள் விலைக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. வெளிநாட்டவர் கேட்ட விலை ஒரு குடும்பத்தின் நாலு பிள்ளைகளுக்கும் வெளியே வீடு கட்டப் போதுமாக இருந்தது. விற்றவர்களை நான் குற்றம் சொல்லமாட்டேன். நாலு பேருக்குச் சொந்தமான ஒரு வீட்டைப் பங்கிட வேறு வழி என்ன?

அந்தப் பயணத்தில் பிள்ளைகள் அரணில் ஏறி நிற்க, நான் தெரிந்த ஒரு மூத்த உம்மாவின் வீட்டுக்குப் போனேன். முன் அறை இரண்டையும் சுற்றுலாக்காரருக்கு விடுகிறார். பழைய உறுதிகள், கடிதங்கள் ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். "ஈந்திச்சி மகன். பக்கத்து ஊட்ட வித்த நேரம் பொட்டியோட எல்லாம் போயிட்டு" என்றார். பெட்டியில் அவர் வாப்பா எழுதிய கணக்குக் கொப்பிகளும் அரபுத்தமிழ்க் கிதாபுகளும் இருந்தனவாம். வாங்கியவர் நிலைகளையும் ஓடுகளையும் பத்திரமாக வைத்துக்கொண்டார். கடதாசியை யாரோ எரித்துவிட்டார்கள்.

கதவும் ஓடும் சட்டத்தால் காக்கப்படுகின்றன. கடதாசிக்கு அப்படி ஆளில்லை. கோட்டைக்குள் வீடிருந்த, வீட்டை விற்ற குடும்பங்கள் இதை வாசித்தால் ஒரு வேலை செய்யுங்கள்: உறுதியின் பிரதி, கப்பல் வியாபாரக் கணக்கு, நிக்காஹ் பதிவு, மௌலிது ஏடு, எது கிடந்தாலும் எறியாமல் ஒரு படம் எடுத்து வையுங்கள். அரபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் காட்டி, யார் எழுதியது, எந்த வீட்டில் இருந்தது என்று பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.