ஹம்ஸா நாமாவும் அதன் ஓவியர்களும்

வாளும் சூனியமும் கலந்த வீரக்கதைகளைச் சித்திரங்களாகத் தீட்டி மக்களை மயக்குவது மேனாட்டார் அண்மையில் கண்ட புதுக்கலை என்று நம் இளைஞர்கள் எண்ணுகின்றனர். 1970-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கோனான் என்னும் வீரனின் கதை சித்திர இதழாக வெளிவரத் தொடங்கியதும், பாரி ஸ்மித், ஜான் புஷெமா ஆகியோரின் கைவண்ணத்தால் அது பெரும்புகழ் எய்தியதும் உண்மையே. அவர்களுடைய திறமையைக் குறைத்துரைப்பது என் நோக்கமன்று. ஆனால், அதற்கு 400 ஆண்டுகளுக்கு முன்பே அக்பரின் அரண்மனையில் இதே வகைக் கதையொன்று ஏறத்தாழ 1,400 பெருஞ்சித்திரங்களாக உருப்பெற்றதை அறிந்தோர் நம்மிடையே சிலரே.

அதுதான் 'ஹம்ஸா நாமா'. 1560-களை ஒட்டித் தொடங்கி ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் நீடித்த பெரும்பணி அது. தொகுதிகள் எத்தனை என்பதில் அக்கால ஆசிரியர்கள் ஒன்றுபடவில்லை. அபுல் ஃபஸ்ல் 12 என்கிறார், பதாயூனீ 17 என்கிறார். ஒவ்வொரு சித்திரமும் ஏறக்குறைய 67 சென்டிமீட்டர் உயரமும் 51 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. பருத்தித் துணியில் தீட்டப்பட்டது. கையில் வைத்துப் படிக்கும் நூலுக்கு இத்துணைப் பெரிய ஏடு எதற்கு? விடை எளிது. அக்பர் எழுத்தறியாதவர், கேட்டுச் சுவைப்பவர். ஏட்டின் ஒரு புறம் சித்திரம், மறுபுறம் நஸ்தஅலீக் எழுத்தில் பாரசீக உரைநடை. ஏட்டை உயர்த்திப் பிடித்தால் அவையோர் சித்திரத்தைக் காண்பர். பின்னே நிற்பவர் கதையைப் படிப்பார். தர்பார் கான் என்னும் கதைசொல்லியிடம் இக்கதையைக் கேட்ட அக்பர், அந்தப்புரத்தில் தாமே கதைசொல்லியைப் போல அதைச் சொல்லிக் காட்டுவதுண்டாம்.

கதைத்தலைவரின் பெயர்தான் நம்மவர்க்கு இடறலாவது. ஹஸ்ரத் ஹம்ஸா (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சிறிய தந்தையார், 'அல்லாஹ்வின் சிங்கம்' எனப் போற்றப்பட்டவர், ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டு (கி.பி. 625) உஹதுப் போரில் ஷஹீதானவர். இக்கதையின் ஹம்ஸாவோ பாரசீக மன்னனின் மகளைக் காதலிக்கிறார். பதினெட்டு நாளில் திரும்பலாம் என்று காஃப் மலைக்குச் சென்று பதினெட்டு ஆண்டுகள் அங்கே அகப்பட்டுக் கொள்கிறார். தேவ்களோடும் டிராகன்களோடும் பொருதுகிறார். (இந்தியாவில் தெய்வத்தைக் குறிக்கும் 'தேவ்' பாரசீகத்தில் பூதத்தைக் குறிப்பது மொழிகளின் விளையாட்டு.) சீஸ்தான் நாட்டில் ஹாரூன் அர்-ரஷீதை எதிர்த்துக் கிளர்ந்த ஹம்ஸா என்னும் காரிஜியத் தலைவனின் வீரச்செயல்களும் இப்பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம் என ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். அபிசீனிய மன்னரிடம் தூது சென்ற அம்ரு இப்னு உமைய்யா என்னும் ஸஹாபியின் பெயரும் தப்பவில்லை. கதையில் அவர் உமர் அய்யார் என்னும் வேடதாரி ஒற்றர். எதையும் விழுங்கும் மந்திரப்பை ஒன்றை வைத்திருப்பவர்!

கட்டுக்கதை சொல்வோரைக் கண்டித்து ஹிஜ்ரி 6-ஆம் நூற்றாண்டிலேயே இப்னுல் ஜவ்ஸீ தனி நூல் இயற்றினார். உஹதின் ஷஹீதைச் சூனியக்காரரின் கோட்டைக்குள் அனுப்பும் கதை அவருடைய கண்டனத்துக்கு உரியதே என்பதை நான் மறுக்கவில்லை. ஸீரா வேறு, தாஸ்தான் வேறு என்று பிள்ளைகளுக்குக் கற்பிப்பது நம் கடமை. ஆயினும் இக்கதை சென்ற தொலைவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1511-இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைத் தாக்கவிருந்த இரவில், வீரர்கள் முஹம்மது ஹனஃபிய்யாவின் வீரகாதையை வேண்ட, சுல்தான் முதலில் அமீர் ஹம்ஸா காதையையே கொடுத்தனுப்பினார் என மலாய் வரலாற்று நூல் கூறுகிறது.

இனி ஓவியர்களைப் பார்ப்போம். ஹுமாயூன் நாடிழந்து பாரசீகம் சென்றபோது அறிமுகமான மீர் ஸையித் அலீ, அப்துஸ் ஸமத் ஆகிய இருவரும் பின்னர் காபூலில் அவரோடு இணைந்தனர். ஹம்ஸா நாமாவின் பணியை முதலில் மேற்பார்த்தவர் மீர் ஸையித் அலீ. அவர் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டபின் அப்துஸ் ஸமத் பொறுப்பேற்றார். ஒரு கசகசா மணியில் 'இக்லாஸ்' அத்தியாயத்தை எழுதியவர் எனப் பெயர்பெற்றவர் அவர். அத்துணை நுண்ணிய கை, இரண்டடித் துணியில் பூதங்களைத் தீட்டுவிக்க வேண்டியதாயிற்று. பாரசீக ஓவியம் தோட்டத்துப் பூப்போல அசையாது நிற்பது. இங்கோ இந்திய ஓவியர்கள் உடன் சேர்ந்ததும் எல்லாம் ஓடத் தொடங்கின; மரங்கள் முறுக்கிக்கொண்டன, பாறைகள் பிதுங்கின, அலைகள் சுருண்டன. இளவரசன் நூருத் தஹ்ரைக் கடலிலிருந்து இல்யாஸ் நபி காப்பாற்றும் ஏட்டில் (இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ளது) நீரின் கொந்தளிப்பைப் பாருங்கள். பஸாவன் என்னும் ஓவியரின் கை அது என்பர். நகைச்சுவைக்கும் குறைவில்லை. தன்னைக் கடவுள் என்று சொல்லிக்கொள்ளும் ராட்சதன் ஸுமுர்ருத் ஷா, ஓர் ஏட்டில் சூனியக்காரர் அனுப்பிய பறக்கும் தாழிகளில் படையோடு தப்பி ஓடுகிறான். இன்னோர் ஏட்டில் குழியில் விழுந்து தோட்டக்காரர்களிடம் அடி வாங்குகிறான். இறைமை கோரியவனின் கதியைச் சொற்பொழிவு ஏதுமின்றி இதைவிட நன்றாகச் சொல்ல இயலாது.

அப்துஸ் ஸமதிடம் பயின்றவர்களுள் தஸ்வந்த் என்பவரை நான் தனித்துக் குறிப்பிட விரும்புகிறேன். பல்லக்குத் தூக்கும் குலத்தவர். சுவர்களில் எல்லாம் கிறுக்கித் திரிந்த சிறுவர். அக்பரின் கண்ணில் அக்கிறுக்கல் பட்டது. சில காலத்திலேயே அவர் தம் காலத்து ஓவியர் அனைவரையும் விஞ்சினார் என்று அபுல் ஃபஸ்ல் வியக்கிறார். ஹம்ஸா நாமாவின் ஏடுகள் பெரும்பாலானவற்றில் ஓவியர் பெயர் இல்லை; ஆயினும் அச்சமூட்டும் பூதங்கள் சிலவற்றை இவருக்கே உரிமையாக்குவர் அறிஞர். பின்னர் மகாபாரதத்தின் பாரசீக மொழிபெயர்ப்பான ரஸ்ம் நாமாவுக்கும் இவர் வரைந்தார். அப்பணி நடந்துகொண்டிருக்கையில் அவர் அறிவு கலங்கிற்று. 1584-இல் தம்மைத் தாமே குத்திக்கொண்டு மாண்டார். பேய்களையே வரைந்தவரைப் பேய் பிடித்தது என்று சொல்லிவிடுவது எளிது. நோயுற்ற ஒரு மனிதரைப் பற்றி அப்படிப் பேசுவது எனக்கு உடன்பாடன்று.

உருவம் வரைவோரிடம் மறுமையில் அதற்கு உயிரூட்டுமாறு கேட்கப்படும் என்னும் கருத்துடைய ஹதீஸ்களை நாம் அறிவோம். அக்பரும் அறிந்திருந்தார். ஓவியன் உயிரூட்ட இயலாமையை உணரும்போதே இறைவனை அறிகிறான் என்று அவர் கூறியதாக அபுல் ஃபஸ்ல் எழுதுகிறார். ஃபிக்ஹு நூலார் ஏற்கும் சான்றன்று அது; அழகிய சமாதானம் என்று வேண்டுமானால் கொள்ளலாம். பிற்காலத்தில் எவரோ பல ஏடுகளில் முகங்களை மட்டும் சுரண்டி அழித்தனர். வேறு எவரோ அவற்றின்மேல் திறமையற்ற புதிய முகங்களைத் தீட்டினர். இவ்விரண்டில் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது பின்னதே. அழித்தவருக்கேனும் ஒரு கொள்கை இருந்தது.

இன்று எஞ்சியவை 200-க்கும் குறைவு. 60 ஏடுகள் வியன்னாவில் உள்ளன. 1881-இல் லண்டன் அருங்காட்சியகத்துக்காகப் பொருள் வாங்க வந்த பர்டன் கிளார்க் என்பவர், ஸ்ரீநகரில் இவ்வேடுகள் சிலவற்றைக் கண்டெடுத்தார். குளிர்காற்றைத் தடுக்கக் கண்ணாடிக்குப் பதிலாக ஜன்னல்களில் அவற்றை ஒட்டியிருந்தார்கள்.