ஐந்து மாணவர்களும் இரண்டு கொட்டகைகளும்

தெற்கே போகும் சாலை – வரலாற்றுத் தொடர்

சென்ற வாரம் கருங்குழிக் கோட்டையில் நின்றோம். 1759 டிசம்பரில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படை அதைப் பிடித்த கதையையும், செங்கல்பட்டு மாவட்டத்தின் தலைமையிடமாகவே கருங்குழி சில காலம் விளங்கியதையும் பார்த்தோம். இந்த வாரம் அதே சாலையில் வடக்கு நோக்கித் திரும்புவோம். செங்கல்பட்டு, தாம்பரம், கிண்டி என்று ஜி.எஸ்.டி. சாலை போய் அண்ணா சாலையாகப் பெயர் மாறுகிறது. அடையாற்றைத் தாண்டி, சைதாப்பேட்டையையும் கடந்தால் நந்தனம். அங்கே மரங்களுக்கு நடுவே விரிந்து கிடக்கிறது ஒரு மைதானம். சென்னைவாசிகள் பலருக்கு அது புத்தகக் காட்சி நடக்கும் இடம். இந்தியத் தடகள வரலாற்றுக்கோ அது தாய்வீடு. அதுதான் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி.

பக் துரை வந்தார்

ஹாரி குரோ பக் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தவர். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிப் பள்ளியில் படித்தவர். 1891-இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தது அந்தப் பள்ளியில்தான். அங்கே படித்த வில்லியம் மார்கன் 1895-இல் ஹோலியோக் நகரில் உருவாக்கிய ஆட்டம்தான், இன்று நம் ஊர்த் திடல்களில் மாலை நேரமெல்லாம் கேட்கும் வாலிபால். இப்படி விளையாட்டை ஒரு படிப்பாகவே நடத்திய இடத்திலிருந்து 1919-இல் பக் சென்னைக்கு வந்து சேர்ந்தார்.

மறு ஆண்டே, 1920-இல், உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்க ஒரு பள்ளியைத் தொடங்கிவிட்டார். 5 மாணவர்கள், 2 கூரைக் கொட்டகைகள், கொஞ்சம் பாடநூல்கள். ஆரம்ப முதலீடு அவ்வளவுதான். தெற்காசியாவில் உடற்கல்விக்கென்று எழுந்த முதல் கல்வி நிலையம் இது. பின்னர் அது நந்தனத்தின் பெரிய வளாகத்துக்கு இடம் மாறிக் கல்லூரியானது. 1940-இல் பெண்களுக்கும் கதவு திறந்தது.

பள்ளிக்கூடங்களில் அதுவரை உடற்பயிற்சி என்றால் 'டிரில்' மட்டும்தான். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வரிசையில் நிற்கவைத்துக் கட்டளை போடுவார். பிள்ளைகள் கையைத் தூக்கி இறக்குவார்கள். அந்த இடத்தில் ஓட்டம், தாண்டுதல், எறிதல், குழு விளையாட்டு ஆகியவற்றை முறையாகச் சொல்லித்தரத் தெரிந்த ஆசிரியரைக் கொண்டுவந்து நிறுத்தினார் பக்.

டெல்லி, 1924

தேசிய அளவில் தடகளப் போட்டி என்ற ஒன்றே அப்போது நாட்டில் வேர்விடவில்லை. 1920-இல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்குச் சிலர் போனார்கள். பம்பாய்த் தொழிலதிபர் தோராப்ஜி டாடா எடுத்த முயற்சி அது. நாடு முழுவதும் சலித்துத் தேர்ந்தெடுத்த அணி என்று அதைச் சொல்ல முடியாது. ஆகவே அடுத்த ஒலிம்பிக்குக்கு முன்பாக, 1924 பிப்ரவரியில் டெல்லியில் அகில இந்திய ஒலிம்பிக் விளையாட்டுகள் நடந்தன. மாகாணங்களும் சமஸ்தானங்களும் ஆள் அனுப்பின. இன்றைய தேசிய விளையாட்டுப் போட்டிகளின் தொடக்கம் அதுதான்.

அங்கே தேர்வான 8 தடகள வீரர்களைப் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு அழைத்துச்செல்லும் பொறுப்பு சென்னையின் சின்னப் பள்ளியை நடத்திக்கொண்டிருந்த பக்கிடம் வந்தது. மேலாளரும் அவரே, பயிற்சியாளரும் அவரே. பாட்டியாலாவின் நீளம் தாண்டும் வீரர் தலீப் சிங், பம்பாயின் மாரத்தான் வீரர் ஹிங்கே ஆகியோருடன் சென்னை மாகாணத்தின் சார்பில் சி.கே.லட்சுமணன் போனார். அவர் ஓடியது 110 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம்.

இந்த ஓட்டத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். மொத்தம் 10 தடைகள். ஒவ்வொன்றும் 106.7 சென்டிமீட்டர் உயரம். நடுத்தர உயரமுள்ள ஆணுக்கு இடுப்புக்கும் மேலே வரும். புறப்படும் கோட்டிலிருந்து முதல் தடை 13.72 மீட்டர். பிறகு தடைக்குத் தடை 9.14 மீட்டர், இந்த இடைவெளியை மூன்றே எட்டில் கடக்க வேண்டும். ஒரு எட்டு தப்பினால் ஓட்டமே குலைந்துவிடும். இன்று இடித்தால் சாய்ந்து கொடுக்கும் தடைகள் வந்துவிட்டன. அன்று இருந்தவை தலைகீழான டி வடிவக் கனத்த சட்டங்கள். முழங்கால் மோதினால் காயம்தான். புறப்படும்போது கால் ஊன்றக் கட்டையும் கிடையாது. கரண்டியால் தரையில் குழி தோண்டி, அதில் நுனிக்காலை வைத்துத்தான் கிளம்புவார்கள்.

இதையெல்லாம் ஒரு பையன் தானாகக் கற்றுக்கொள்ள வழியே இல்லை. யாரோ ஒருவர் டேப் பிடித்து அளந்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, தடையை நிறுத்தி, 'எட்டு குறைகிறது, மறுபடி ஓடு' என்று சொல்ல வேண்டும். பக்கின் பள்ளி உருவாக்கியது இந்த 'யாரோ ஒருவரை'த்தான்.

கோப்பையில் அடங்காத வெற்றி

பாரிஸில் இந்தியாவுக்குப் பதக்கம் இல்லை. ஆனால் திரும்பி வந்தவர்கள் ஓய்ந்து உட்காரவில்லை. ஒய்.எம்.சி.ஏ.வின் தேசிய உடற்கல்வி இயக்குநர் டாக்டர் நோஹ்ரனும் பக்கும் ஊர் ஊராகப் போய், மாகாண ஒலிம்பிக் சங்கங்கள் உருவாக உதவினார்கள். 1927-இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் பிறந்தது. டாடா தலைவர், நோஹ்ரன் செயலாளர். தேசியப் போட்டி 1932-இல் சென்னைக்கே வந்தது.

போட்டி நடத்துவதென்றால் ஓடுகிறவர்கள் மட்டும் போதாது. துப்பாக்கி வெடித்துக் கிளப்பிவிட ஒருவர், கடிகாரம் பிடிக்கச் சிலர், முடிவுக்கோட்டில் யார் முதல், யார் இரண்டாவது என்று தீர்ப்புச் சொல்ல நடுவர்கள், எறிந்த தூரத்தை அளக்க ஆட்கள் வேண்டும். எல்லா ஊரிலும் ஒரே விதி வேண்டும். விதிகளைத் தொகுத்துப் புத்தகமாகவே கொண்டுவந்தார் பக். அதைப் படித்து, களத்தில் பழகி, சான்றிதழோடு வெளியேறிய ஆசிரியர்கள் பள்ளிகளுக்குப் போனார்கள்.

சென்னை காட்டிய வழியில் மற்ற நகரங்களும் நடந்தன. 1931-இல் ஹைதராபாத்தில் உடற்கல்விக் கல்லூரி வந்தது. 1932-இல் கல்கத்தாவிலும் லக்னோவிலும், 1938-இல் பம்பாய் அருகே காந்திவலியிலும் பயிற்சி நிலையங்கள் தோன்றின. 1943-இல் பக் மறைந்தபோது, அவர் ஐந்து பேரோடு தொடங்கிய படிப்பு நாடு முழுக்கப் பரவியிருந்தது. ஒரு கல்லூரியின் வெற்றியை அதன் அலமாரியில் நிற்கும் கோப்பைகளால் அளப்பது நம் வழக்கம். இந்தக் கல்லூரிக்கு அந்த அளவுகோல் போதாது. மற்றவர்கள் கோப்பை வெல்லும் களத்தையே போட்டுக்கொடுத்தது அது.

நம் மாவட்டத்தில் முளைத்த கிளை

இந்தக் கதைக்கு நம் செங்கல்பட்டு மாவட்டத்திலும் ஒரு தொடர்ச்சி உண்டு. 2004-இல் தமிழக சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின் மூலம் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் உருவானது. அது இயங்குவது வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில், மேலக்கோட்டையூரில். மதுராந்தகம், கருங்குழிப் பக்கத்துப் பிள்ளைகள் விளையாட்டையே படிப்பாக எடுக்க நினைத்தால், பஸ் ஏறிப் போகும் தூரத்தில் ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது.

டெல்லிப் போட்டி நடந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழிந்து, 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளைத் தமிழ்நாடு நடத்தியது. 38 தங்கங்களோடு நம் மாநிலம் இரண்டாம் இடம் பிடித்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2023 அக்டோபரில், ஹாங்சோ ஆசியப் போட்டியில் கோவைப் பெண் வித்யா ராம்ராஜ் 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தை 55.42 விநாடிகளில் ஓடி, பி.டி.உஷாவின் 1984-ஆம் ஆண்டு தேசியச் சாதனையைச் சமன் செய்தார்; வெண்கலமும் வென்றார். லட்சுமணன் தாண்டிய தடைகளிலிருந்து வித்யா தாண்டிய தடைகள்வரை ஒரு நூற்றாண்டு ஓடியிருக்கிறது.

இத்தனை பெருமையையும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இன்றும் பல பள்ளிகளில் பி.டி. பீரியடைக் கணக்குப் பாடமோ அறிவியல் பாடமோ விழுங்கிவிடுகிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்றால் மைதானத்தை மறந்துவிட வேண்டியதுதான். பெற்றோரும் அதைக் கேள்வி கேட்பதில்லை. மைதானத்தில் புதுக் கட்டடம் எழுந்தால் வளர்ச்சி என்று மகிழ்கிறோம். விளையாட ஒரு சதுர அடிகூட மிஞ்சாத பள்ளியில், ஒரு பிள்ளைக்கு வேகம் இருக்கிறதா என்பதே யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஐந்து மாணவர்களையும் இரண்டு கொட்டகைகளையும் வைத்துக்கொண்டு ஒரு நாட்டின் விளையாட்டுக்கே அடித்தளம் போட முடிந்தது என்றால், வசதி இல்லை என்று கைவிரிப்பதற்கு நமக்கு எந்த நியாயமும் இல்லை. ஊருக்கு ஒரு மைதானமும், பள்ளிக்கு ஒரு முழுநேர உடற்கல்வி ஆசிரியரும், வாரத்தில் யாரும் பிடுங்காத இரண்டு பீரியட்களும் போதும். உங்கள் ஊர்ப் பள்ளியின் அடுத்த பெற்றோர் கூட்டத்தில், மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்பதற்கு முன் இந்த மூன்றையும் கேளுங்கள்.

(பயணம் தொடரும்)