கடைசி நாட்களின் பற்று வரவு

மலாயாவுக்குத் தமிழர் வந்த சரித்திரத்தை எழுதியோர் பலர். எந்தக் கப்பலில் வந்தனர், எந்தக் கங்காணி ஆள் கட்டினான், நாளொன்றுக்கு எத்தனை காசு கூலி என்பனவெல்லாம் ஏட்டில் ஏறியிருக்கின்றன. ஆனால் அவர்கள் எவ்விதம் செத்தனர், சாகுங்கால் தலைமாட்டில் யார் இருந்தனர், அந்தச் செலவு யார் கணக்கில் எழுதப்பட்டது என்று விசாரித்தோர் சிலரே. தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுதிப் பிழைக்கும் நமக்கு அக்கடைசிக் கேள்வியின் மீதே கண் போகிறது. இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு தகப்பனார் சாகக் கிடந்தால், பிள்ளைகள் வீட்டை அடமானம் வைக்கும் நிலை வந்திருக்கிறது. ஆதலால் இதைப் பழங்கதை என்று தள்ளிவிடுவதற்கில்லை.

1901-ஆம் ஆண்டுக் கிள்ளானிலிருந்து தொடங்குவோம். அவ்வாண்டு செப்டம்பரில், இன்று போர்ட் கிள்ளான் எனப்படும் சுவெட்டன்ஹம் துறைமுகத்தைத் திறந்தார்கள். திறந்த சிறிது காலத்திற்குள் மலேரியா தாக்கிற்று. துறைமுகமே மூடப்படும் கதிக்கு வந்தது. செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டது 1897-இல். நான்கே ஆண்டுகளில் அந்த அறிவைக் கிள்ளான் ஜில்லா வைத்தியர் மால்கம் வாட்ஸன் இங்கே பிரயோகம் செய்தார். காட்டை அழித்து, சதுப்பு நிலத்துக்கு வடிகால் வெட்டுவித்தார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் சேர்ந்து 1901-இல் 582 ஆக இருந்த சாவு, 1902-இல் 144 ஆகக் குறைந்தது. உலக வைத்திய சரித்திரத்தில் இடம்பெற்ற இக்காரியம் நமது வாசற்படியில் நடந்தது என்பதை நம்மவரில் எத்தனை பேர் அறிவர்?

துறைமுகத்துக்கு வந்த அதிர்ஷ்டம் தோட்டங்களுக்கு உடனே வரவில்லை. கப்பல் நின்றுபோனால் வியாபாரம் நின்றுவிடும். கூலி செத்தாலோ நாகப்பட்டினத்திலிருந்து இன்னொரு கூலி வருவான். இரப்பர் விலை வானத்தைத் தொட்ட காலத்தில், புதுக்காடு வெட்டிய தோட்டங்களில் நம்மவர் விட்டில்களைப்போல் மடிந்தனர். 1911-இல் மலாய் ஐக்கிய நாடுகளின் தோட்டத்து இந்தியத் தொழிலாளரில் ஆயிரத்துக்கு அறுபது பேருக்கு மேல் இறந்தனர். அதன் பின்னரே தோட்டத் தொழிலாளர் சுகாதாரத்துக்கென 1911-இல் ஒரு சட்டமும், 1912-இல் தொழிலாளர் சட்டத் தொகுப்பும் பிறந்தன. ஆஸ்பத்திரி கட்டு, டிரஸரை வை, மருந்து கொடு என்று தோட்டத்துரைகளுக்குக் கட்டளையாயிற்று.

அவ்வாஸ்பத்திரிகளால் பிழைத்தவர் பலர். அதை மறுப்பது நன்றிகேடு. கொயினா மாத்திரையும் வடிகாலும் இல்லாவிடில் நம்மில் பாதிப்பேருக்குப் பாட்டனே இருந்திருக்கமாட்டார். எனினும் அந்த ஆஸ்பத்திரி யாருக்காகக் கட்டப்பட்டது என்று கேட்டல் வேண்டும். மீண்டும் பால்மரத்துக்குப் போகக்கூடியவனுக்காகக் கட்டப்பட்டது. பத்து நாள் காய்ச்சலில் கிடந்து பதினோராம் நாள் பெரட்டுக்கு வருகிறவன் மீது செலவிட்டது தோட்டத்துக்கு முதலீடு. நெஞ்சு அரித்துப்போனவன் மீது செலவிட்டது நஷ்டம்.

அவனை என்ன செய்தார்கள்? 1907-இல் ஏற்பட்ட குடியேற்ற நிதி என்று ஒன்று உண்டு. முதலாளிகள் தம் ஆட்களின் கணக்குக்கேற்ப அதற்குப் பணம் கட்டினர். புது ஆட்களைக் கொண்டுவரக் கப்பற்கூலி அதிலிருந்து போயிற்று. வேலைக்கு உதவாதவரை ஊருக்குத் திருப்பியனுப்பும் கப்பற்கூலியும் அதிலிருந்தே போயிற்று. கொண்டுவருவதும் கொண்டுபோய் விடுவதும் ஒரே பெட்டிப் பணம்! இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கணக்கு எழுதுகிறவன் கண்ணுக்கே அது உடனே படும். தஞ்சாவூர் ஜில்லாவுக்குத் திரும்பி ஒரு மாதத்தில் செத்தவன் மலாயாவின் சாவுக் கணக்கில் சேரான். அவன் ‘ஊர் திரும்பியவன்’. அக்காலத்து அறிக்கைகளில் சாவு விகிதம் குறைந்தது என்று வாசிக்கும்போது வடிகாலை மட்டும் நினைத்தல் போதாது, கப்பலையும் நினைக்கவேண்டும்.

நமது மக்கள் இதை வாய்மூடிச் சகித்தார்கள் என்று சொல்வோரும் உண்டு. அது பொய். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் பாருங்கள். கிள்ளான் இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதன் முன்னின்ற போராட்டம் அது. துரைக்கு முன்னால் சைக்கிளைவிட்டு இறங்கமாட்டோம் என்ற கோரிக்கையை எல்லாரும் நினைவில் வைத்திருக்கின்றனர். அது கேட்பதற்கு ரோஷமாக இருக்கிறது. அதே பட்டியலில் தக்க வைத்திய வசதி வேண்டும் என்பதும் உண்டு. உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக விடவேண்டும் என்பதும் உண்டு. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் நமக்குத் தோன்றுவது இது: தோட்டம் பிறன் சொத்து என்ற காரணத்தால், நோயில் கிடக்கும் அண்ணனைப் பார்க்க அடுத்த தோட்டத்துத் தம்பி துரையின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டிய காலம் அது. நாதனைக் கைதுசெய்து பிறகு நாடு கடத்தினர், பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது. அவ்வாண்டு முடிவதற்குள் ஜப்பானியரும் வந்துவிட்டனர். சயாம் மரண இரயில்பாதையில் செத்தவருக்குத் தலைமாடு ஏது, கணக்கு ஏது?

1957-க்குப் பின் நிலைமை மாறிற்று. அரசாங்க ஆஸ்பத்திரியில் குடிமகன் ஒரு வெள்ளி கொடுத்து மருந்து வாங்கலாம். நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. ஏழைக்கு இவ்வளவு மலிவாக வைத்தியம் கொடுத்த நாடுகள் உலகில் அதிகம் இல்லை. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. சுங்கை வே பக்கம் பால்மரம் நின்ற நிலத்தில் நெடுஞ்சாலையும், சுதந்திர வர்த்தக வலயத்துத் தொழிற்சாலைகளும் எழுந்தன. லயத்தில் பிறந்தவர் அடுக்குமாடியில் குடியேறினர். தோட்டத்து ஆஸ்பத்திரி போயிற்று. சுற்றிலும் தனியார் ஆஸ்பத்திரிகள் முளைத்தன.

இங்கேதான் சரித்திரம் தலைகீழாகத் திரும்புகிறது. அன்று நமது சாவுக்கு ஒரு காசும் பெறுமானமில்லை. இன்று அதன் கடைசிப் பத்து நாட்கள் ஒரு குடும்பத்தின் இருபது வருஷச் சேமிப்பை விழுங்குகின்றன. 2024-இல் இந்நாட்டு வைத்தியச் செலவு 15 சதவீதம் ஏறியதாகவும், உலகச் சராசரி 10 சதவீதமே என்றும் கணக்கிட்டார்கள். இன்ஷூரன்ஸ் கட்டணம் பொறுக்கமாட்டாத அளவுக்கு உயரவே, அவ்வாண்டு டிசம்பரில் பேங்க் நெகாரா தலையிட்டு, உயர்வை மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் பரப்பி விதிக்கவேண்டும் என்றது. 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தனியார் டாக்டரின் கட்டணத்துக்கு வரம்பு உண்டு. கட்டில், மருந்து, குழாய், ஊசி என்று நீளும் மற்றப் பட்டியலுக்கு அத்தகைய வரம்பு எழுதப்படவில்லை. அங்கேதான் பில் கொழுக்கிறது.

பில்லை மட்டும் குறைகூறித் தப்பித்துக்கொள்ளவும் நமக்கு மனமில்லை. எண்பது வயதுப் பெரியவர். புற்றுநோய் எலும்புவரை பரவிவிட்டது. சுவாச இயந்திரம் வைத்தாலும் பிழைக்கமாட்டார் என்று டாக்டரே சொல்லுகிறார். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் மூத்த மகன், இளைய மகன், மருமகன், சித்தப்பா என்று ஏழு பேர் கூடிப் பேசுகின்றனர். “செலவுக்குப் பயந்து விட்டுவிட்டான் என்று நாலு பேர் சொல்லுவார்களே” என்பதே அப்பேச்சின் சாரம். கையெழுத்து விழுகிறது, குழாய் ஏறுகிறது. பெரியவருக்கு நினைவு இருந்தபோது அவரிடம் கேட்டார்களா? இல்லை. அன்று துரை கேட்கவில்லை. இன்று பிள்ளைகள் கேட்கவில்லை. முன்னது அலட்சியம், பின்னது அன்பு. கட்டிலில் கிடப்பவருக்கு இவ்விரண்டிற்கும் எவ்வளவு வித்தியாசம் தெரியும் என்பதே நமது ஐயம்.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கையில் நோயாளி, வைத்தியன், மருந்து, துணை நின்று பணிசெய்வோன் என நான்கு பகுதி சொல்லி, நோயாளியை முதலில் வைத்தார். ஊராரின் வாய்க்கு அந்நான்கில் இடமில்லை.

இயந்திரத்தை வைக்காமல் இருப்பது கொலையாகுமே என்று நல்லவர்களும் அஞ்சுகின்றனர். இந்திய சுப்ரீம் கோர்ட்டு 2018 மார்ச் 9-ஆம் நாள் இதை ஆராய்ந்து, பிழைக்க வழியற்ற நோயில் பயனற்ற சிகிச்சையை மறுக்கும் உரிமை கௌரவத்தோடு வாழும் உரிமையில் அடங்கும் என்றும், அதை ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்றும் தீர்ப்பளித்தது. விஷ ஊசி போட்டுக் கொல்வதை அது அனுமதிக்கவில்லை. நமது நாட்டை அத்தீர்ப்பு கட்டாதெனினும், இயற்கையாய் வரும் சாவுக்கு வழிவிடுவது வேறு, சாவை வருவிப்பது வேறு என்ற பேதத்தை அது தெளிவாக்குகிறது.

சிகிச்சையை நிறுத்துவதென்றால் நோயாளியைக் கைவிடுவது என்றும் பொருளில்லை. ஸிஸிலி சாண்டர்ஸ் அம்மையார் 1967-இல் லண்டனில் தொடங்கிய நிலையத்திலிருந்து பரவிய முறை ஒன்று உண்டு. நோயைத் துரத்துவதை விட்டு நோவைத் துரத்துவது அம்முறை. இங்கே 1991-இல் ஹோஸ்பிஸ் மலேசியா தோன்றி, கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடு தேடிச் சென்று இலவசமாக அப்பணியைச் செய்துவருகிறது. அரசாங்கத்தில் முதற்பிரிவு 1995-இல் கோத்தா கினாபாலுவில் ஏற்பட்டது. 2019-இல் தேசியக் கொள்கையும் வகுத்துவிட்டார்கள். இதில் முக்கிய மருந்தாகிய மார்பின் மலிவானது. அதைக் குடித்தால் சீக்கிரம் செத்துவிடுவார் என்னும் வதந்தியை நம்பி, இரவெல்லாம் கதறும் தாய்க்குப் பிள்ளைகளே மருந்தை மறைத்து வைக்கின்றனர். அளவறிந்து கொடுத்தால் அது உயிரைக் குடிப்பதில்லை, நோவைத்தான் தணிக்கிறது.

நமது செக்ரோலில் இப்போது தமிழ்ப் பெயர்கள் அருகிவிட்டன. வங்காள தேசத்துப் பெயர்களும் இந்தோனேசியப் பெயர்களுமே அதிகம். வருஷாந்தர வைத்தியப் பரிசோதனையில் தேறாதவனை ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். கப்பலில் பல நாள் ஆன பயணம் விமானத்தில் சில மணி நேரத்தில் முடிகிறது. அவன் பெயருக்கு நேரே நாம் எழுதுவது, பழைய கிராணிமார் எழுதிய அதே இரண்டு சொற்கள்: ஊர் திரும்பினான்.