பெட்டிக்குள் பெட்டி: ஒரு தொகையின் வரலாறு

நான் படிப்பது பி.காம். ஆனாலும் டேட்டாபேஸ் வரலாறு எழுத உட்கார்ந்துவிட்டேன். காரணம் ஒரு எஸ்டிமேட்.

தெரிந்தவர் கடையில் கணக்கு பார்க்க உதவிக்குப் போயிருந்தேன். ஒரு பொருளின் விலையை 50 ரூபாயிலிருந்து 60 ஆகத் திருத்தினோம். எண்ணிக்கை 4. தொகை 240 ஆகியிருக்க வேண்டும், ஆனால் பழைய 200-லேயே நின்றது. எஸ்டிமேட்டுக்குள் பொருள்கள், ஒவ்வொரு பொருளுக்குள்ளும் விலை, எண்ணிக்கை, தொகை என்று பெட்டிக்குள் பெட்டியாக வைத்திருந்த புரோகிராம் அது. விலை மாறிய செய்தி பக்கத்துப் பெட்டிக்குப் போகவில்லை. வாடிக்கையாளர் கையில் அந்தத் தாள் போயிருந்தால் கடைக்கு 40 ரூபாய் நஷ்டம்.

இந்த முறை புதிதல்ல. அப்போலோ நிலாப் பயணத்துக்கான ராக்கெட்டின் பாகங்களைக் கணக்கு வைக்க ஐபிஎம் 1966-ல் தொடங்கிய வேலைதான் ஐஎம்எஸ். 1968-ல் அது ஓட ஆரம்பித்தது. பெரிய பாகத்துக்குள் சின்ன பாகம், அதற்குள் இன்னும் சின்னது என்று மரக்கிளை போல அடுக்கினார்கள். எதைத் தேடினாலும் அந்தக் கிளை வழியாகத்தான் இறங்க வேண்டும்.

1970-ல் அதே ஐபிஎம்மைச் சேர்ந்த எட்கர் காட் ஒரு கட்டுரை எழுதினார். ஊழியர் பதிவுக்குள் வேலை வரலாறு, அதற்குள் சம்பள வரலாறு என்ற உதாரணத்தை எடுத்து, எல்லாவற்றையும் தனித்தனி அட்டவணைகளாகப் பிரித்துக் காட்டினார். அந்த வழியில் வளர்ந்ததுதான் எஸ்க்யூஎல். அதில் 'தொகை என்பது விலை பெருக்கல் எண்ணிக்கை' என்று ஒரே வரியில் சொன்னால் போதும், எல்லா வரிசைகளும் திருந்திவிடும்.

2009-ல் மாங்கோடிபி வந்தது. பெட்டிக்குள் பெட்டியும் திரும்பி வந்தது. இணையதளங்களுக்கு அது வசதி. ஆனால் சாதாரணத் திருத்தக் கட்டளையில், ஒரு கட்டத்தின் மதிப்பை எடுத்து இன்னொன்றில் போட வழியில்லை. புரோகிராமே பதிவை வெளியே எடுத்து, பெருக்கி, திரும்ப எழுத வேண்டும். அந்த இடைவெளியில் வேறொருவர் திருத்தினால் அவர் திருத்தம் காணாமல் போகக்கூடும். 2019-ல் வந்த 4.2 பதிப்பில்தான் இந்தக் குறை நீங்கியது. அப்போதும் பட்டியலுக்குள் பல பொருள்கள் இருந்தால், ஒவ்வொன்றாகக் கணக்கிட்டுப் பட்டியலையே புதிதாகக் கட்டச் சொல்ல வேண்டும். எஸ்க்யூஎல்-லில் ஒரு வரியில் முடிகிற காரியத்துக்கு இங்கே 10 வருடம்!

சரி, எல்லாத் தொகையும் தானாக மாறிவிட்டால் நல்லதா? இல்லை என்கிறது எங்கள் அக்கவுண்டன்சி. போன மாதம் விற்றுக் கொடுத்த பில்லில் அன்றைய விலைதான் நிற்க வேண்டும். இன்று விலை ஏறியதென்று அதைத் தொடக்கூடாது. எஸ்டிமேட் மாறலாம், பில் மாறக்கூடாது.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. எது நடந்து முடிந்தது, எது வெறும் கணக்கு என்று நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும். அன்றைக்கு எங்கள் புரோகிராமில் அதை யாரும் சொல்லி வைக்கவில்லை. அவ்வளவுதான்.