ஓட்டுநருக்குப் பின்னால் ஓர் இருக்கை

கோலா கங்சார் மாவட்ட அலுவலகத்தின் அருகே வேலியிட்டுக் காக்கப்படும் முதிய ரப்பர் மரத்தை அறியாத பேராக் மாணவர் அரியர். 1877ஆம் ஆண்டில், ஹியூ லோ பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த காலத்தில், அந்நகரில் நடப்பட்ட ஒன்பது கன்றுகளுள் எஞ்சி நிற்பது அது ஒன்றே. தோட்டத் தொழிலின் தொடக்கமாக அதனைக் காட்டுவதோடு பாடங்கள் அமைந்துவிடும். மோட்டார் வண்டியின் வரலாற்றிலும் அதற்கு இடமுண்டு. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கண்டார். 1908இல் ஃபோர்டு தம் டி-மாடல் காரை வெளியிட்டார். ரப்பர் வேட்கை உலகைப் பற்றிக்கொண்டது. அவ்வேட்கையே தமிழரைப் பெருந்திரளாக மலாயாத் தோட்டங்களுக்குக் கொணர்ந்தது. அவர்கள் சீவியெடுத்த பால் கடல் கடந்து சென்று, டயராகத் திரும்பி வந்து, அவர்களையே சுமந்தது. எங்கே வைத்துச் சுமந்தது என்பதே இங்கு எழும் வினா. லோரியின் முன்னறையில் ஓட்டுநரும், அவர் அருகே கிராணியோ கங்காணியோ இருப்பர். தொழிலாளர் பின்புறத்துத் திறந்த தளத்தில், வாளிகளோடும் உரமூட்டைகளோடும் நின்றுகொண்டு சென்றனர்.

ஆட்களுக்கு அறை, சுமைக்குத் தளம் என்னும் இப்பிரிவினை ஆலைகளின் கட்டளையால் மட்டும் வந்ததன்று. 1917இல் ஃபோர்டு நிறுவனம் தன் டி.டி. லோரியை விற்கத் தொடங்கியபொழுது, பொறியும் சக்கரங்களும் பொருந்திய அடிச்சட்டத்தையே விற்றது. அறையையும் தளத்தையும் வாங்கியவரே உள்ளூர்த் தச்சரைக்கொண்டு கட்டிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் ஓக் மரம் செய்த வேலையை மலாயாவில் செங்கால் போன்ற வன்மரங்கள் செய்தன. சிங்கப்பூர்த் தெருக்களில் ஓடிய 'கொசு பஸ்' என்னும் ஏழு இருக்கை வண்டிகளும் இவ்வகைப் பிறப்பே. பிக்கப் எனப்படும் சிறு சுமைவண்டியை ஃபோர்டு நிறுவனம் தன் ஆலையிலேயே முழுமையாகக் கட்டி விற்றது 1925இல்தான்.

குடும்பத்தையும் சுமையையும் ஒரே வண்டியில் மதிப்போடு ஏற்ற வேண்டும் என்னும் எண்ணத்தை 1932இல் ஓர் உழவர் மனைவி எழுப்பினார். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தைச் சேர்ந்த அவர், ஞாயிறன்று கோயிலுக்கு நனையாமல் செல்லவும், திங்களன்று பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டு செல்லவும் ஏற்ற ஒரு வண்டி வேண்டும் என்று ஃபோர்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். லூயிஸ் பேண்ட் என்னும் இளம் வடிவமைப்பாளர் காரின் முன்பாதியோடு சுமைத்தளத்தை இணைத்து வரைந்தார். 1934இல் வண்டி வெளிவந்தது. மலாயாத் தோட்டத்துப் பெண்டிர் எத்தனையோ பேர் அவ்வாறே நனைந்திருப்பர். அவர்கள் யாருக்கு எழுதுவது?

இரண்டாம் உலகப் போர் முடிந்தபொழுது, படைகள் விட்டுச் சென்ற லோரிகள் மலாயாவில் மிகுந்து கிடந்தன. சீனப் பட்டறைக்காரர்கள் அவற்றை வாங்கி, பொறி ஒன்றிலிருந்தும் அச்சு மற்றொன்றிலிருந்தும் எடுத்து, கம்பிவடம் சுற்றும் உருளையைப் பொருத்தி, காட்டுமரம் இழுக்கும் வண்டிகளாக்கினர். 'சான் தாய் வோங்' என்பது அவற்றின் பெயர். மலையரசன் என்பது பொருள். மலாய்க்காரர் 'லோரி ஹந்து', அதாவது பேய் லோரி, என்றனர். போர் முடிந்து அரை நூற்றாண்டு கழிந்த பின்னும், மாற்றிய உறுப்புகளோடு அவ்வண்டிகள் மலையேறிக்கொண்டிருந்தன.

அடுத்து வந்தது அவசரகாலம். 1948 ஜூன் 16ஆம் நாள் கோலா கங்சாரை அடுத்த சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் மூவர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அதன்பின் துரைமார் தம் கார்களுக்கு இரும்புத் தகடு அடித்துக் கவசமிட்டுக்கொண்டனர். பட்டறைகளுக்கு அது புது வேலை. தகட்டின் பாரத்தால் வில்கள் தாழ்ந்தன, பொறி சூடேறியது. ஆயினும் துரையின் உயிரைக் காக்க வண்டியை அறுத்து மாற்றலாம் என்று கண்ட காலம், அதே செம்மண் சாலையில் திறந்த லோரியில் நின்று சென்றவர்களைக் கருதவில்லை.

பழைய வண்டிகளின் உறுப்புகளைக்கொண்டு பிக்கப் ஒன்றின் அறையை நீட்டி, ஓட்டுநருக்குப் பின்னால் ஓர் இருக்கை அமைப்பது எளிய செயலன்று. முதலில் வண்டியின் பிறவியை அறிதல் வேண்டும். 1948 முதல் வெளிவந்த மோரிஸ் மைனர் காருக்குத் தனி அடிச்சட்டம் இல்லை; உடலே பாரம் தாங்கும். அதனை அறுத்தால் முதுகெலும்பை அறுத்ததாகும். 1953இல் வந்த அதன் பிக்கப்புக்கோ தனி அடிச்சட்டம் உண்டு. திருகாணிகளைக் கழற்றி அறையைத் தூக்கி எடுத்துவிடலாம். எனவே நீட்டுவதற்கு உரியது பிந்தியதே.

பின்பு, ஒரே அகலமுள்ள இரண்டு அறைகள் வேண்டும். ஒன்றிலிருந்து கதவுகளோடு கூடிய முன்பகுதி, மற்றொன்றிலிருந்து பின்சுவரும் கூரையும். அறுப்பதற்கு முன் உள்ளே குறுக்குக் கம்பிகளைப் பற்றவைத்து, மூலைக்கு மூலை அளந்து குறித்துக்கொள்வர். இதனை மறந்தால் பின்னர்க் கதவு மூடாது. மெல்லிய தகடு சூட்டில் நெளியும் ஆதலால், ஒரே இழுப்பில் பற்றவைக்காமல், இங்கொரு புள்ளி அங்கொரு புள்ளியாக இடம் மாற்றிச் செல்வர். கூரையின் மூட்டில் ஈயம் உருக்கி நிரப்பி, அரத்தால் வழித்துச் சமன் செய்வது பழைய வழக்கம்.

அறை ஒன்றரை அடி நீண்டால், தளம் அவ்வளவு குறைய வேண்டும். அன்றேல் அடிச்சட்டம் நீள வேண்டும். சட்டத்தை நேர்க்குறுக்காக அறுத்து ஒட்டுவது கேடு. சாய்வாக அறுத்து, பக்கத்தில் தகடு வைத்து வலுப்படுத்துவதே முறை. சட்டம் நீண்டால், பொறியின் விசையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் தண்டும் நீள வேண்டும். மிக நீண்ட தண்டு வேகத்தில் துள்ளும். ஆகவே அதை இரண்டாக்கி நடுவே தாங்கி வைப்பர். இத்தனையும் முடித்தவனைத் திருகாணி சோதிக்கும். போருக்கு முந்திய ஆங்கில வண்டிக்கு விட்வொர்த் அளவு, பிந்தியதற்கு வேறு, ஜப்பானியப் பொறிக்கு மில்லிமீட்டர். பழைய ஆங்கிலக் கார்கள் பலவற்றில் மின்கலத்தின் நேர்முனை உடலோடு இணைந்திருக்கும். ஜப்பானிய வண்டியில் எதிர்முனை. இதனை அறியாமல் இணைத்தவன், மின்னாக்கியைப் புகைய விட்டே பாடம் கற்பான்.

இக்கல்வியைப் பெரும்பாலும் பள்ளிகள் தரவில்லை. கோயம்புத்தூரை அடுத்த கலங்கலில் 1893இல் பிறந்த ஜி. டி. நாயுடு, உணவு விடுதியில் வேலை செய்து சேர்த்த பணத்தில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, அக்கக்காகப் பிரித்து, மீண்டும் பூட்டியே பொறியியலைக் கற்றார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்தை ஓட்டித் தொழில் தொடங்கினார். நாயுடுவின் பெயர் நிலைத்தது. மலாயாவின் ரயில்வே பட்டறைகளிலும் தோட்டத்துப் பட்டறைகளிலும் பிரித்துப் பூட்டிய தமிழர் பலரின் பெயர், சம்பளப் பட்டியலுக்கு அப்பால் எங்கும் ஏறவில்லை.

பெரிய ஆலைகள் மெல்லவே இவ்வழிக்கு வந்தன. வேலையாட்களின் குழுவையும் கருவிகளையும் ஒன்றாக ஏற்றும் பொருட்டு, 1957இல் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 'டிராவலெட்' என்னும் நீண்ட அறை வண்டியை வெளியிட்டது. 1958இல் ஃபோக்ஸ்வேகனின் ஈரறை வண்டி வந்தது. 1973இல் டாட்ஜ் 'கிளப் கேப்' வண்டியும், மறு ஆண்டில் ஃபோர்டின் 'சூப்பர் கேப்' வண்டியும் வந்தன. டாட்ஜ் வண்டியில் ஓட்டுநருக்குப் பின்னால் இருந்தவை, பக்கவாட்டில் மடித்து வைக்கத்தக்க இரு சிறு இருக்கைகளே. அவற்றில் அமர்ந்தவர் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தபடி செல்ல வேண்டியிருந்தது. எனினும் மழை அவர்கள் மேல் விழவில்லை.