ஆரஞ்சு நிறப் பொத்தான்

புதிதாக வரும் கருவிகளைக் குறை கூறியவர்களின் சொற்கள் நூல்களில் நிலைபெற்றுவிடுகின்றன. அக்கருவிகளைச் செய்தவர்கள் அளித்த பதில்களோ வியாபாரப் பேச்சு என ஒதுக்கப்பட்டு விரைவில் மறக்கப்படுகின்றன. சம்பளம் தரும் நிறுவனத்துக்காக ஒருவர் வாதாடும்போது அவ்வாதத்தை முழுமையாக நம்ப நாம் தயங்குகிறோம். அத்தயக்கம் நியாயமானதே. ஆயினும், பதில்களையும் குற்றச்சாட்டுகளையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது சில வேளைகளில் எதிர்பாராத ஒன்று புலப்படுகிறது. சோனி நிறுவனத்தின் வாக்மன் அத்தகைய ஒரு நேர்வு.

1979 ஜூலை முதல் தேதி ஜப்பானில் விற்பனைக்கு வந்தது வாக்மன். மனிதரை மனிதரிடமிருந்து பிரிக்கும் கருவி என்று அடுத்த பத்தாண்டுகளில் அதைச் சாடாத நாடு குறைவு. ஆனால் இந்தக் குற்றச்சாட்டை முதலில் உணர்ந்தவர்கள் அதைச் செய்தவர்களே. கருவி கடைக்கு வருமுன்பே அவர்கள் அதற்கு ஒரு விடை தேடினார்கள். அந்த விடை அறிக்கையாக வரவில்லை. கருவியின் மேற்புறத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தானாக வந்தது.

*

வாக்மனின் பிறப்பில் மூவரின் பங்கு உண்டு. 1946இல் நிறுவனத்தைத் தொடங்கிய மசாரு இபுகா, அவருடன் சேர்ந்து அதைக் கட்டிய அகியோ மோரிட்டா, பின்னாளில் அதன் தலைமைப் பொறுப்பேற்ற நோரியோ ஓகா. இவர்களுள் ஓகா வந்து சேர்ந்த விதம் நமது பொருளுக்கு நெருக்கமானது. அவர் முறையாக மேற்கத்திய இசை பயின்ற பாடகர். 1950களின் தொடக்கத்தில் டோக்கியோவில் இசை மாணவராக இருந்தபோது, நிறுவனம் வெளியிட்ட ஒலிப்பதிவுக் கருவியின் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். நாட்டியம் பயில்பவருக்கு நிலைக்கண்ணாடி எப்படியோ அப்படியே பாடகனுக்கு ஒலிப்பதிவுக் கருவி, அது மங்கலாக இருக்கலாகாது என்பது அவரது வாதம். மோரிட்டா அவரைப் பகைத்துக்கொள்ளவில்லை. மாணவப் பருவத்திலேயே சம்பளம் கொடுத்து ஆலோசகராக வைத்துக்கொண்டு, 1959இல் முழுநேர ஊழியராகவும் ஆக்கினார். விமரிசகரை விலைக்கு வாங்கினார் என்று இதைச் சொல்லலாம். விமரிசனத்துக்கு வேலை கொடுத்தார் என்றும் சொல்லலாம். சோனியின் வரலாற்றில் இவ்விரண்டையும் பிரித்தறிவது கடினம்.

எழுபது வயதை எட்டியிருந்த இபுகா நெடுந்தூர விமானப் பயணங்களில் இசை கேட்க விரும்பினார். சோனியின் கையடக்க ஸ்டீரியோ கருவி ஒன்றை உடன் எடுத்துச் செல்வார். ஆனால் அது கனமானது. செய்தியாளர்களுக்காக வெளிவந்திருந்த ‘பிரஸ்மேன்’ என்ற சிறிய ஒலிப்பதிவுக் கருவியை, ஒலிக்க மட்டும் செய்யும் ஸ்டீரியோவாக மாற்றித் தர முடியுமா என்று ஓகாவிடம் கேட்டார். ஓகா அதை டேப் ரெக்கார்டர் பிரிவின் தலைவர் கோசோ ஓசொனேயிடம் ஒப்படைத்தார். பொறியாளர்கள் பதிவு செய்யும் பகுதியையும் ஒலிபெருக்கியையும் அகற்றி, அவ்விடத்தில் ஸ்டீரியோ சுற்றுகளை அமைத்தார்கள். நிறுவனத்தின் வேறொரு பிரிவில் 50 கிராமுக்கும் குறைவான ஹெட்ஃபோன் ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. அக்காலத்து ஹெட்ஃபோன்கள் இதைப் போலப் பல மடங்கு எடை கொண்டவை. இரண்டும் இணைந்தபோது கருவி பிறந்தது.

எதிர்ப்பும் உடன் பிறந்தது. முதல் எதிர்ப்பாளர்கள் சோனியின் சொந்த ஊழியர்கள். பதிவு செய்ய இயலாத டேப் ரெக்கார்டரை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று விற்பனைப் பிரிவினர் கேட்டனர். காரில் பொருத்தும் ஸ்டீரியோவில் பதிவு செய்யும் வசதி இல்லை, அதை லட்சக்கணக்கானோர் வாங்கவில்லையா என்று மோரிட்டா பதிலளித்தார். 30,000 கருவிகள் விற்காவிட்டால் தலைவர் பதவியிலிருந்து விலகுகிறேன் என்றும் அறிவித்தார். தன் நிறுவனத்தின் பொருளுக்காகத் தன் நிறுவனத்தாரிடமே ஒருவர் வாதாட நேர்ந்த காட்சி இது. இங்கே கேள்வி விற்குமா விற்காதா என்பது மட்டுமே. நம்மை ஈர்க்கும் கேள்வி அதற்குப் பின் எழுந்தது.

*

மோரிட்டா தமது ‘மேட் இன் ஜப்பான்’ (1986) நூலில் இதை விவரித்திருக்கிறார். சோதனைக் கருவியை வீட்டுக்கு எடுத்துச் சென்று ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு இசையில் ஆழ்ந்தபோது, அருகிலிருந்த மனைவி யோஷிகோ எரிச்சலுற்றார். கணவர் பக்கத்தில்தான் இருக்கிறார், ஆனால் அங்கே இல்லை. பின்னாளில் பேராசிரியர்களும் கட்டுரையாளர்களும் பக்கம் பக்கமாக எழுதிய குற்றச்சாட்டு முழுவதும் அந்த எரிச்சலில் அடங்கிவிட்டது என்றே நமக்குத் தோன்றுகிறது. மோரிட்டா அதை அலட்சியப்படுத்தவில்லை. இருவர் சேர்ந்து கேட்கும்படி இரண்டு ஹெட்ஃபோன் துளைகள் வேண்டும் என்று பொறியாளர்களிடம் கூறினார்.

அடுத்த சோதனைக்கு உட்பட்டவர் ஓர் எழுத்தாளர். 1969இல் அகுதாகவா பரிசு பெற்ற நாவலாசிரியர் காவோரு ஷோஜி, மோரிட்டாவுடன் கால்ஃப் ஆடச் சென்றார். காரில் இருவரும் ஆளுக்கொரு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டனர். மோரிட்டா ஒலிக்கவிட்ட காசெட்டில் இருந்தது, ஷோஜியின் மனைவியும் புகழ்பெற்ற பியானோ கலைஞருமான ஹிரோகோ நகமுரா வாசித்த கிரீகின் இசைக்கோவை. மனைவியின் வாசிப்பைக் கேட்டு ஷோஜியின் முகம் மலர்ந்தது. ஏதோ சொல்ல விரும்பினார். சொல்ல இயலவில்லை, இருவரின் காதுகளும் அடைபட்டிருந்தன.

சொற்களையே தொழிலாகக் கொண்ட ஒருவர், மகிழ்ச்சியில் பேச வாயெடுத்தும் பேச வழியில்லாமல் போன அக்கணத்தில்தான் ஆரஞ்சு நிறப் பொத்தான் பிறந்தது. அதை அழுத்தினால் இசை தாழும்; கருவியிலுள்ள சிறு மைக்ரோஃபோன் விழித்துக்கொள்ளும்; அருகிலிருப்பவரின் குரல் ஹெட்ஃபோன் வழியாகவே காதுக்கு வரும். ‘ஹாட் லைன்’ என்று அதற்குப் பெயரிட்டார்கள். முதலில் வெளிவந்த கருவிகளில் இரண்டு துளைகளின் அருகே ஆண், பெண் இருவரையும் குறிக்கும்படி ‘கைஸ்’, ‘டால்ஸ்’ என்று பொறிக்கப்பட்டிருந்தது.

இது வெறும் தொழில்நுட்ப வசதி என்று நாம் கருதவில்லை. தனியாக இசை கேட்பது பிறருக்குச் செய்யும் அவமரியாதை என்பதை மோரிட்டா ஏற்றுக்கொண்டார். அதாவது, எதிர்த்தரப்பின் அடிப்படையை ஒப்புக்கொண்ட பிறகே தமது கருவியைக் காக்க முனைந்தார். நிறுவனங்களின் தற்காப்புகளில் இது அரிது.

*

விற்பனை மெல்லத்தான் தொடங்கியது. விலை 33,000 யென். அது நிறுவனத்தின் 33ஆம் ஆண்டு. ஜூன் மாதத்தில் பத்திரிகையாளர்களைப் பேருந்தில் ஏற்றி யோயோகி பூங்காவுக்கு அழைத்துச் சென்று, ஆளுக்கொரு வாக்மனைக் கொடுத்து, விளக்கவுரையை அதிலேயே கேட்கச் செய்தனர். முதல் மாதம் விற்றவை சுமார் 3,000 மட்டுமே. இளம் ஊழியர்கள் வாக்மனை அணிந்துகொண்டு கின்ஸா, ஷின்ஜுகு வீதிகளில் நடந்தனர். எதிர்ப்பட்டவர்களின் காதுகளில் ஹெட்ஃபோனை வைத்துக் கேட்கச் சொன்னார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் முதலில் செய்த 30,000 கருவிகளும் தீர்ந்தன. வெளிநாடுகளில் முதலில் ‘சவுண்டபௌட்’, ‘ஸ்டோவவே’, ‘ஃப்ரீஸ்டைல்’ என வெவ்வேறு பெயர்களில் விற்கப்பட்ட கருவிக்கு, ஆங்கில இலக்கணத்தோடு ஒட்டாத ‘வாக்மன்’ என்ற ஜப்பானியப் பெயரே இறுதியில் நிலைத்தது. எந்த நிறுவனம் செய்ததாயினும் அவ்வகைக் கருவியை வாக்மன் என்றே தமிழரும் அழைத்தோம்.

கண்டனங்கள் பின்தொடர்ந்தன. 1982இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலுள்ள உட்பிரிட்ஜ் நகரம், ஹெட்ஃபோன் அணிந்தபடி சாலையைக் கடப்பதைத் தடை செய்தது. ஜப்பானிய ரயில்களில் மென்பஞ்சு ஹெட்ஃபோன்களிலிருந்து கசியும் சலசலப்பு சக பயணிகளுக்குத் தொல்லையாகி, ரயில் நிறுவனங்கள் ஒலியைக் குறைக்கும்படி கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. 1987இல் வெளிவந்த ‘தி க்ளோஸிங் ஆஃப் தி அமெரிக்கன் மைண்ட்’ நூலில் ஆலன் ப்ளூம், வாக்மனை மாட்டிக்கொண்டு வீட்டுப்பாடம் செய்யும் பதின்மூன்று வயதுச் சிறுவனைப் பண்பாட்டு வீழ்ச்சியின் அடையாளமாகவே நிறுத்தினார். அச்சிறுவனின் காதில் மரபின் குரல் விழ வழியில்லை என்பது அவரது கவலை.

வாக்மனுக்கு ஆதரவாக எழுந்த மிக ஆழமான குரல் நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வந்தது. ஷுஹேய் ஹொசொகாவா என்னும் இளம் இசையியலாளர் 1984இல் ‘தி வாக்மன் எஃபெக்ட்’ என்ற ஆங்கிலக் கட்டுரையை எழுதினார். இளைஞர்களிடம் ஒரு பிரெஞ்சு இதழ் எடுத்த பேட்டியிலிருந்து அக்கட்டுரை தொடங்குகிறது. வாக்மன் அணிந்தவர்கள் யதார்த்தத்தோடு தொடர்பை இழக்கிறார்களா என்று கேட்டபோது, இவையெல்லாம் சென்ற காலத்தின் கேள்விகள் என்று ஓர் இளைஞன் பதில் கூறிவிடுகிறான். வாக்மன் அணிந்தவன் நகரத்திலிருந்து தப்பி ஓடுபவன் என்ற கருத்தை ஹொசொகாவா ஏற்கவில்லை. அவன் நகரத்தினூடே நடந்தபடி அதைத் தனக்கென மாற்றி அமைக்கிறான். வழிப்போக்கர்களுக்கு அவன் எதையோ கேட்கிறான் என்று தெரியும். எதைக் கேட்கிறான் என்று தெரியாது. அந்த இரகசியத்தை எல்லோர் கண்முன்னும் சுமந்து செல்வதுதான் அக்கருவியின் புதுமை என்றார்.

மோரிட்டாவின் தற்காப்பையும் ஹொசொகாவாவின் தற்காப்பையும் ஒப்பிட்டால் ஒரு முரண் தென்படுகிறது. இது யாரையும் பிரிக்காது, சேர்ந்து கேட்கலாம் என்றார் செய்தவர். பிரிந்திருப்பதில் என்ன குற்றம் என்றார் ஆய்வாளர். வாங்கியவர்கள் இரண்டாமவரின் பக்கம் நின்றார்கள். இருவர் சேர்ந்து கேட்க வாங்கிய கருவி விரைவிலேயே தனியொருவரின் உடைமையானது; ஒரே வீட்டில் ஆளுக்கொன்றாக வாங்கினார்கள். தாம் எதிர்பார்த்ததற்கு மாறாக ஒவ்வொருவரும் தமக்கெனவே ஒன்றை விரும்பியதை மோரிட்டாவும் தமது நூலில் பதிவு செய்திருக்கிறார். 1981இல் வந்த டபிள்யூஎம்-2 மாதிரியில் ஆரஞ்சுப் பொத்தான் இல்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் இரண்டாவது துளையும் பெரும்பாலான மாதிரிகளிலிருந்து மறைந்தது. ப்ளூம் எழுதிய காலத்தில், அவருக்குப் பதிலாகக் காட்டியிருக்கக்கூடிய ஒரே சான்றைச் சோனி தன் கையாலேயே கழற்றி எறிந்துவிட்டிருந்தது.

*

இதை எவ்வாறு மதிப்பிடுவது? வாடிக்கையாளர் கேட்காததை நிறுவனம் சுமக்க வேண்டியதில்லை என்று எளிதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பொத்தான் வாடிக்கையாளருக்காக மட்டும் வைக்கப்பட்டதன்று. அது அவர் அருகில் நிற்பவருக்காகவும் வைக்கப்பட்டது. ஹெட்ஃபோன் அணியாத அந்த இன்னொருவர் எதையும் வாங்குவதில்லை. ஆகவே விற்பனைக் கணக்கில் அவருக்கு இடமில்லை. யோஷிகோவுக்கு இடம் கிடைத்தது, அவர் தலைவரின் வீட்டில் இருந்ததால். உலகின் ஏனைய யோஷிகோக்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

அதேசமயம், சாடியவர்களின் பக்கம் முழுமையாக நிற்கவும் நம்மால் இயலவில்லை. மௌன வாசிப்பு பரவிய காலத்திலிருந்தே மனிதர் கூட்டத்தின் நடுவில் தனித்திருக்கக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார்கள். ரயிலில் நாவலைத் திறந்து முகத்தை மறைத்துக்கொள்பவரை நாம் வீழ்ச்சியின் அடையாளம் என்று சொல்வதில்லை. இலக்கிய வாசகர்களாகிய நமக்கு அந்த நியாயம் உண்டென்றால், தனக்குப் பிடித்த பாடலோடு நெரிசலில் நிற்கும் தொழிலாளிக்கும் அது உண்டு.

காசெட் வாக்மனின் ஜப்பானிய விற்பனை 2010இல் முடிவுக்கு வந்தது. அதற்குள் உலகெங்கும் 20 கோடிக்கும் மேற்பட்ட காசெட் வாக்மன்கள் விற்றிருந்தன. 2001இல் வந்த ஐபாட் ஒற்றைத் துளையோடுதான் வந்தது. யாரும் இரண்டாவதைத் தேடவில்லை. ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 2016இல் சோனி வெளியிட்ட எம்டிஆர்-1000எக்ஸ் ஹெட்ஃபோனில், வலது காதின் மேல் உள்ளங்கையை வைத்தால் இசை தாழ்ந்து சுற்றியிருப்பவர்களின் குரல் கேட்கும் வசதி இருந்தது. 2019இல் ஆப்பிள் நிறுவனம், ஒரே கைபேசியிலிருந்து இருவர் தத்தம் ஹெட்ஃபோனில் ஒரே பாடலைக் கேட்க வழி செய்தது. அதே ஆண்டு வந்த அதன் ஏர்பாட்ஸ் ப்ரோவில் வெளியுலக ஒலியை உள்ளே அனுமதிக்கும் முறையும் இருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் யாருக்கும் வேண்டாததென நீக்கப்பட்ட பொத்தானும் இரண்டாவது துளையும் வேறு வடிவில் திரும்பி வந்திருக்கின்றன. இம்முறை அவை விற்பனைச் சிறப்புகளாகவே விளம்பரம் செய்யப்பட்டன.

மோரிட்டா 1999இல் மறைந்தார். இந்தத் திரும்புதலைக் காண அவர் இல்லை. கண்டிருந்தால் தம் கணிப்பு மெய்யானது என்று மகிழ்ந்திருப்பாரோ என்னவோ. நமக்கு நினைவில் நிற்பது காரில் அமர்ந்திருந்த அந்த நாவலாசிரியர்தான். மனைவியின் பியானோவைக் கேட்டு அவர் சொல்ல விரும்பியது என்னவென்று மோரிட்டாவின் நூலில் இல்லை. அதைச் சொல்ல அவருக்கு வழி செய்ய வேண்டும் என்று ஒரு நிறுவனத்தின் தலைவருக்குத் தோன்றியது என்பது மட்டும் இருக்கிறது.